சம்பந்தி இறங்கிய மலை

"எஞ்சினே இல்லாம பதினாலு கிலோமீட்டர்! வழியில ரெண்டு போலீஸ் காரு, ஒரு பால் லாரி, அப்புறம் ஒரு கழுகு, அத்தனையும் முந்திட்டு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா பாரு. நின்னதுமில்லாம, தானாவே கதவைத் திறந்து விட்டா!"

நைடன் இப்படிச் சொல்லிவிட்டு ராக்கியா என்ற பழச்சாராயத்தை ஒரே மடக்கில் இறக்கினார். கடையிலிருந்த ஐந்து பேரும் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். நைடனுக்கு வயது அறுபத்தெட்டு. அவர் அளக்கும் அளவைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி நம்புவதுதான் பால்கன் மலையில் அந்த ஊரின் வழக்கம்.

"அவள்" என்றது அவருடைய ஏழு பேர் உட்காரும் டீசல் வேனை. மகள் கல்யாணத்துக்காக வாங்கியதால் அதற்குச் சம்பந்தி என்று பெயர். சம்பந்தியைப் போலவே வருடத்துக்கு ஒருமுறை மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளும், மானாவாரியாகக் குடிக்கும், வீட்டைவிட்டுப் போகச் சொல்லவும் முடியாது. பக்கக் கதவை உள்ளிருந்து திறக்க ஒரு ஆள், வெளியிலிருந்து உதைக்க ஒரு ஆள் வேண்டும். மழை பெய்தால் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம் நனையலாம். ஆனாலும் நான்கு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள், நைடனின் மனைவி வேலிகாவை டயாலிசிஸுக்கு மலை தாண்டிக் கீழே நகரத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அவள்தான். போக வர நூற்றுப்பதினாறு கிலோமீட்டர்.

கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வேலிகாவின் தம்பி மின்ச்சோ. அந்தக் கணவாய்ச் சாலையில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். நேற்றுக் காலை வண்டி மலையில் நின்றுபோனது முதல் வேலிகா நகரத்தில் அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அக்காவுக்கு மாற்றுத்துணி எடுக்க மதிய பஸ்ஸில் வந்திருந்தார்.

"மச்சான், எங்கிட்டயே ரீல் விடாதீங்க. எஞ்சின் நின்னா பிரேக் பாறையாயிரும். ஸ்டியரிங் இரும்புத் தூணாயிரும். பதினாலு கிலோமீட்டர்ல நாப்பத்தேழு வளைவு. அந்த மலையில நானே செத்திருப்பேன்."

"நீ செத்திருப்பே மாப்ள. நீ பஸ் டிரைவர்தானே!"

கடை குலுங்கியது. மின்ச்சோ குரலை உயர்த்தவில்லை.

"அக்கா வேற மாதிரி சொன்னா. ஒரு லாரிக்காரன் கயிறு கட்டி, நடக்கிற வேகத்துல இழுத்துட்டு வந்தானாம். அதை நம்பித்தான், வண்டியை ரிப்பேர் பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து விடுறேன்னு சொன்னேன். நீங்க சொல்றதுதான் நெசம்னா, இனி என் அக்கா உங்க கூட அந்த மலையேற மாட்டா. எங்க வீட்லயே இருக்கட்டும். ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி. எது நெசம்? சொல்லுங்க."

லாரி எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பனி சாலையை மூடியதில் ஒரு முறை டயாலிசிஸ் தவறியிருந்தது. நேற்று வேலிகாவின் கால்கள் பானை மாதிரி வீங்கி, மூன்று வார்த்தை பேச ஒரு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உச்சியைத் தாண்டியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சம்பந்தி வாயை மூடிவிட்டாள். போனில் சிக்னல் இல்லை. சாலையில் ஈ காக்கை இல்லை.

வீடு திரும்புவதற்காகத்தானே வேலிகா இல்லாத லாரிக்காரனைப் பெற்றெடுத்திருக்கிறாள்! தன் வாயால் கெட நுணல் எதற்கு, நைடன் இருக்கும்போது?

இன்னும் நேரம் இருந்தது. 'ஆமாப்பா, லாரிதான், சும்மா அளந்தேன்' என்று சொன்னால் போதும், ஊரே நம்பும். ஞாயிற்றுக்கிழமை வேலிகா அடுப்படியில் நின்று அவரைத் திட்டுவாள்.

அதற்குள் மின்ச்சோவே வழி செய்து கொடுத்தார். "சரி, எஞ்சின் ஏன் நின்னுச்சு?"

"டைமிங் பெல்ட் அறுந்துச்சு."

"பாத்தீங்களா, இதுவும் பொய்! போன மாசம்தான் பானெட்டைத் திறந்து பாத்தேன். மூணு லட்சம் கிலோமீட்டர்ல பெல்ட் மாத்தணும்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. மீட்டர்ல ரெண்டு லட்சத்து அறுபதாயிரம். இன்னும் நாப்பதாயிரம் பாக்கி. அது எப்படி அறுந்துபோகும்? லாரிதான் இழுத்திருக்கு. ஏதோ டீசல் குழாய் அடைச்சிருக்கும். சரி விடுங்க, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன்."

கடைக்காரர் நைடனின் கோப்பையை மறுபடி நிரப்பினார். நைடன் அதைத் தொடவில்லை.

"மீட்டரைத் திருப்பினேன்" என்றார்.

மீட்டரைத் திருப்புவது அந்த நாட்டில் குற்றமா என்ன! ஜெர்மனியிலிருந்து வரும் கிழட்டு வண்டிகளெல்லாம் எல்லையைத் தாண்டும்போதே குமரியாகிவிடும். இரண்டு லட்சத்தைத் தாண்டிய வண்டியைச் சந்தையில் எவரும் கண்ணால் கண்டதில்லை. திருப்பாதவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

"நாலு வருஷம் முன்னாடி விக்கலாம்னு நெனச்சேன். ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் இருந்துச்சு. ஒரு லட்சம் குறைச்சேன். வாங்க வந்தவன் கதவைத் திறந்து பாத்தான், ஆட்டுப் பாலாடைக்கட்டி நாத்தம்னு ஓடிட்டான். அடுத்த வாரம் வேலிகாவுக்குக் கிட்னி போச்சு. வண்டி வீட்லயே நின்னுருச்சு."

"அப்ப பெல்ட்டு?"

"மறந்துட்டேன். வாங்க வர்றவன்கிட்ட அந்தப் பொய்க் கணக்கையே சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போச்சு மின்ச்சோ. ஒவ்வொரு மாசமும் மீட்டரைப் பாப்பேன், ஸ்டிக்கரைப் பாப்பேன், இன்னும் இருக்குன்னு பானெட்டை மூடுவேன். நேத்து மலை மேல திறந்து பாத்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. வேலிகாகிட்ட சொன்னேன், நான் உன்னைக் கொன்னுட்டேன்டின்னு. அவ சொல்றா, 'ரோடு கீழதானே போகுது? நீயும் கீழ போ.' நான் ரெண்டு காலையும் பிரேக்ல ஊன்றி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சேன். ஹேண்ட் பிரேக் அவ கையில. நான் கத்தும்போதெல்லாம் இழுப்பா. பிரேக் இருந்தது அவளுக்கு இடப்பக்கம். ஆனா இடது கை டயாலிசிஸ் ஊசி போடுற கை, பாரம் தூக்கக் கூடாது. உடம்பைத் திருப்பி வலது கையால இழுத்தா. நாப்பத்தேழு வளைவுக்கும்."

"கழுகு?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

"கழுகு இல்ல. போலீஸும் இல்ல. பெரிய பாலம் தாண்டி ஒரு வளைவுல வண்டி ரோட்டோரக் கம்பியில உரசுச்சு. அவ கண்ணை மூடவே இல்ல. நான் மூடிட்டேன்."

மின்ச்சோ ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உதடு அசைய ஏதோ கூட்டினார்.

"மூணு லட்சத்து அறுபதாயிரம்" என்றார் கடைசியில். "தொண்ணூறாயிரம் ஓடவேண்டிய பெல்ட்டு ஒன்றரை லட்சம் ஓடியிருக்கு."

"ஆமா."

"வேணும்னா இப்பவே லாரின்னு சொல்லுங்க மச்சான். நான் கேட்டுக்கிறேன்."

நைடன் மேசையைப் பார்த்தபடி தலையை அசைத்தார். "லாரி வரல."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. கீழே போகும் கடைசி பஸ். மின்ச்சோ எழுந்து துணிப்பையை எடுத்துக்கொண்டார். அதில் வேலிகாவின் குளிர்காலச் சட்டைகளோடு கோடைச் சட்டைகளும் இருந்ததை நைடன் அப்போதுதான் கண்டார்.

"நீங்களும் வாங்க. சோபா இருக்கு" என்றார் மின்ச்சோ. நைடன் எழவில்லை. மின்ச்சோ வாசல்வரை போய்த் திரும்பிக் கடையைப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் உதட்டோரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்காதீங்கய்யா. அக்காவோட வலது கட்டைவிரல் கத்திரிக்காய் மாதிரி கறுத்துக் கிடக்கு. கதவுல நசுங்கிச்சுன்னு எங்கிட்ட சொன்னா. நடுவுல ஹேண்ட் பிரேக் பட்டன் அளவுக்கு வட்டமா ஒரு பள்ளம். கதவுல எங்கய்யா பட்டன் இருக்கு?" அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நடந்துச்சு. அவர் கடைசியா சொன்னது அத்தனையும் நடந்துச்சு."