மூன்றாவது பாட்டு

ஐந்து மணி ரயில் கிளம்பிப் போன பிறகுதான் பழனிவேல் காருக்குள் தலையை விட்டார். அதுவரை வெறும் பேச்சு. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர் அவர். இப்படி ஒரு பிடிவாதக்காரியை அவர் பார்த்ததில்லை. பழைய ஸ்டீரியோவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய திரை வைத்த ஒன்றை மாட்டிவிடலாம், அரை மணி நேர வேலை என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். ரேகா அசைந்து கொடுக்கவில்லை. காரோடு வந்த ஸ்டீரியோ அப்படியே இருக்க வேண்டும். பச்சை வெளிச்சம், சிடி என்று எழுதிய பட்டன், எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் பாட்டு வர வேண்டும். சிடிக்குப் பதில் போனிலிருந்து வர வேண்டும். அவ்வளவுதான்.

"யாருக்கு டீச்சர் இவ்ளோ கண்டிஷன்?" என்று கேட்டார் பழனிவேல்.

"என் தம்பிக்கு."

பிறகு சொன்னாள். அன்பரசுக்கு இருபத்தெட்டு வயது. பேச்சு வரவில்லை. ஆள் வாட்டசாட்டம், இரண்டு பேர் சேர்ந்தாலும் பிடித்து நிறுத்த முடியாது. அவன் ஏறுகிற வண்டி உலகத்தில் இது ஒன்றுதான். முன் சீட்டில் உட்காருவான். சிடி பட்டனைத் தானே அமுக்குவான். அதில் பன்னிரண்டு பாட்டு. அது ஓடுகிறவரை எங்கே வேண்டுமானாலும் வருவான். ஓட்டுகிறவர் அப்பாதான். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை முடிந்து ஓய்வில் வந்தபோது அப்பா சின்னையன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் இது. பங்குனியில் அவர் போய்ச் சேர்ந்தார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. கடலூர் உப்புக்காற்று சிடி பிளேயரைத் தின்றுவிட்டது. இப்போது எந்த சிடியைப் போட்டாலும் வெளியே தள்ளுகிறது.

பல்தான் விஷயம். அன்பரசுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தையாகி அடியில் சீழ் கட்டியிருந்தது. வாயைத் திறந்து காட்ட மாட்டான். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும். அதற்குச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பல் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தப் பிரிவுக்கு மயக்க மருந்து டாக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். போன மாதம் ரேகா ஆம்புலன்ஸ் வரவழைத்தாள். அது தெருமுனை தாண்டவில்லை. உள்ளே இருந்த ஆளின் கையைக் கடித்துவிட்டு அன்பரசு இறங்கி ஓடி வந்தான். போனில் அதே பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்தாள். போன் சுவரில் போய் விழுந்தது. அந்த நாள் அப்படிப் போயிற்று. இப்போது வீக்கம் தாடையை விட்டுக் கழுத்துக்கு இறங்குகிறது. தொண்டைக்கு வந்தால் மூச்சை அடைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மயக்க மருந்து டாக்டர் அடுத்து வருவது நாளைக் காலை.

பழனிவேல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்கு வந்தார். ரேகா குறுக்கே நின்றாள்.

"பேட்டரி ஒயரக் கழட்டாம கை வெக்க மாட்டேன் டீச்சர். தொழில் அப்படி."

கழற்றினால் ஸ்டீரியோ பூட்டிக்கொள்ளும் என்றாள். திரும்பக் கரண்டு வரும்போது நம்பர் கேட்கும். அந்த நம்பர் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

பழனிவேல் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். ஸ்பேனரைப் பெட்டியில் போட்டார். செருப்பை மாற்றி ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டார். ஸ்டீரியோவை இரண்டு விரல் அளவுக்கு மட்டும் வெளியே இழுத்து, கரண்டு ஓடும்போதே, முதுகுப் பக்கம் கையை விட்டுத் தடவினார். கூடுதலாக ஒரு சிடி பெட்டி வைப்பதற்கென்று அங்கே ஒரு சாக்கெட் விட்டிருந்தார்கள். கட்டைவிரல் அளவு ப்ளூடூத் போர்டை அதில் சேர்க்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது ஒரு பொறி பறந்தது. பச்சை வெளிச்சம் அணைந்தது.

பழனிவேல் கையை வெளியே எடுக்கவில்லை. தெருவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. வெளிச்சம் திரும்ப வந்தது. நம்பர் கேட்கவில்லை.

கடைசியில் பட்டனை அமுக்கியபோது முதலில் வந்தது பாட்டல்ல. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி, ஸ்பீக்கர் அதிர, இங்கிலீஷில் இணைப்பு கிடைத்துவிட்டது என்று அறிவித்தாள். அதன்பின்தான் பாட்டு.

ரேகா அந்தக் குரலை எடுத்துவிடச் சொன்னாள்.

"முடியாது டீச்சர். சைனா போர்டு. கத்திட்டுதான் கனெக்ட் ஆவும். சவுண்டும் கொஞ்சம் ஜாஸ்தி. தம்பி ஏர்றதுக்கு முன்னாடியே கனெக்ட் பண்ணி நிறுத்தி வெச்சிடுங்க. நடுவுல மட்டும் எதையும் ஆஃப் பண்ணாதீங்க."

அவள் அதையும் மனதில் ஏற்றிக்கொண்டாள். திட்டக்குடியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். எதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். சிடியில் இருந்த பன்னிரண்டு பாட்டையும் அதே வரிசையில் போனில் பாட்டுச் செயலியில் சேர்த்தாள். நடுவில் விளம்பரம் வராதிருக்கச் சந்தா கட்டினாள். அழைப்புகளை அடைத்தாள். இரவு மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் காரில் தனியாக உட்கார்ந்து பன்னிரண்டையும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

அதற்கு முன்பே சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஜான்சி சிஸ்டர் போன் செய்திருந்தார். நடுராத்திரிக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே வரும், நுரையீரலுக்குள் போகும், உயிருக்கே ஆபத்து. அம்மா லோகநாயகியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க வைத்தாள் ரேகா. நாலு நாளாகக் கஞ்சித் தண்ணியில் கிடக்கிற பிள்ளை என்று மட்டும் அம்மா சொன்னாள்.

விடிந்தும் விடியாமலும் அன்பரசு வெளியே வந்தான். இடது கன்னம் கொய்யாப்பழம் போல உப்பியிருந்தது. கார் இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பச்சை வெளிச்சத்தைப் பார்த்தான். நின்றான். ரேகா அவனைப் பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. கார் அவன் பக்கமாகச் சாய்ந்தது. விரல் பட்டனுக்குப் போனது.

பாட்டு வந்தது.

அவனிடமிருந்து ஒரு பெருமூச்சு. பின் சீட்டில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. ரேகா கியரைப் போட்டாள்.

முதுநகர் தாண்டினார்கள். சிப்காட் கெமிக்கல் வாடை கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. அன்பரசு தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு வந்தான். ஆலப்பாக்கம் வந்தபோது பாதித் தூரம் முடியப்போகிறது என்று ரேகா நினைத்தாள். ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தன.

மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணம். அன்பரசு ஆடுவதை நிறுத்தினான். நிமிர்ந்து உட்கார்ந்து டாஷ்போர்டையே பார்த்தான். பாட்டு ஓடியது. அவன் அவளைப் பார்த்தான். பாட்டு ஓடியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பட்டனை அமுக்கினான். ரேடியோ இரைந்தது. மறுபடி அமுக்கினான். வெளிநாட்டுக்காரி கத்தினாள். அவன் மறுபடி அமுக்கினான். அவள் மறுபடி கத்தினாள்.

முதல் குத்து அவன் தாடையில் அவனே விட்டது. வீங்கிய பக்கத்திலேயே. அடுத்தது ஸ்டீரிங்கில் விழுந்தது. கார் வெட்டித் திரும்பியது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டே விலகிப் போனது. ரேகா இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இழுத்து, ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. அவன் இன்னும் குத்திக்கொண்டிருந்தான். கடைவாயில் ரத்தமும் சீழும் கலந்து வழிந்தது.

அம்மா பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தட்டவில்லை, தட்டவில்லை என்றாள்.

ரேகாவுக்குப் புரியவில்லை.

"அந்த எடத்துல சிடி சிக்கிக்கும்டி. சொன்னதயே சொல்லிக்கினு நிக்கும். அப்பா டாஷ்போர்டுல ஓங்கி ஒரு தட்டு தட்டுவாரு. அப்பறம்தான் போவும். எப்பவும் அப்படித்தானே?"

எப்பவும் என்றால், ரேகா ஊரில் இல்லாத வருடங்கள் எல்லாம். அம்மாவுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவளுக்குப் பாட்டே அதுதான். அவனுக்கும் அதுதான். ரேகா கொண்டுவந்தது வேறு பாட்டு. துல்லியமாக, ஒரு பிசிறும் இல்லாமல்.

சிதம்பரம் இன்னும் பாதித் தூரம் இருந்தது. திரும்பினால் வீடும் அதே தூரம். திரும்பினால் அடுத்த மாதம். அவன் கழுத்தைப் பார்த்தாள். வீக்கம் சட்டைக் காலரைத் தொட்டிருந்தது.

எந்த இடம் என்று கேட்டாள். அம்மா பாட்டில் வரும் ஒரு சொல்லைச் சொன்னாள். ரேகா போனை எடுத்துப் பாட்டை அங்கே கொண்டுபோனாள். விரலால் பின்னுக்கு இழுத்தாள். அந்தச் சொல் வந்தது. இழுத்தாள். அதே சொல். இழுத்தாள். சரியாக விழவில்லை, ஒருமுறை முந்தியது, ஒருமுறை பிந்தியது. அன்பரசின் கை பாதியில் நின்றது. இழுத்தாள். அதே சொல். விரல் வியர்த்து வழுக்கியது. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். டாஷ்போர்டில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். விரலை எடுத்தாள்.

பாட்டு மேலே போனது.

அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கை இல்லை அது. ஏற்கலாமா வேண்டாமா என்று அளப்பது போலிருந்தது. தொண்டைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. தலை சீட்டில் சாய்ந்தது. ரேகா கண்ணாடியில் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு உடனே காரை ரோட்டில் ஏற்றினாள். வேறு எதையும் பார்க்க நேரமில்லை. புதுச்சத்திரம் போயிற்று. நான்காவது பாட்டு எந்தத் தடையும் இல்லாமல் ஆரம்பித்தது. அப்பாவைப் போலவே தட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது.

பு.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். அன்பரசின் வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. உதட்டோரம், ரத்தத்தோடு ஒட்டி, பழுப்பு மாவு. சட்டையில் துகள்கள்.

"அம்மா."

லோகநாயகி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைப்பை. கை அதன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தது.

"என்ன குடுத்த?"

"பிஸ்கெட்டு. பச்சப் புள்ளயாட்டம் அழுதான். நீ போன நோண்டிக்கினு இருந்த."

எத்தனை என்று கேட்டாள் ரேகா. அம்மா ஒன்று என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, ரெண்டு இருக்கும் என்றாள். வாயிலேயே கரைந்துவிட்டிருக்கும், வயிறு வரைக்கும் போயிருக்காது என்றாள். எது அவனை நிறுத்தியது என்று இனி யாருக்கும் தெரியாது. அவள் தட்டியதா, அம்மா ஊட்டியதா. ரேகா காரை ஓரங்கட்டவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

சிதம்பரத்தில் ஜான்சி சிஸ்டர் வாசலுக்கே வந்து காத்திருந்தார். அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். காரை விட்டு இறக்காமலே, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொடையில் ஓர் ஊசி. அவன் துவண்டதும் ஸ்ட்ரெச்சர். இரண்டு ஆட்கள் தூணுக்குப் பின்னால் தயாராக நின்றார்கள்.

அம்மா ஏற்கெனவே அவன் வாயையும் சட்டையையும் துடைத்து முடித்திருந்தாள். துகள் ஒன்றுகூட இல்லை. அன்பரசு கண்ணை மூடிப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். தொண்டை அவன் மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் கரகரத்தது. இதே கார், இதே பாட்டு, இன்னொரு காலை, இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வருவானா என்று ரேகா நினைத்துப் பார்த்தாள். வருவான் என்று சொல்ல அவளிடம் ஓர் ஆதாரமும் இல்லை.

ஜான்சி ஊசியைத் துணிக்கு அடியில் மறைத்தபடி ரேகா பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். பின்னாலிருந்து அம்மாவின் கை ரேகாவின் தோளில் விழுந்தது. அழுத்தியது.

ஜான்சி குனிந்து அன்பரசைப் பார்த்தார். பிறகு அம்மாவை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ராத்திரிலேருந்து வாயில எதுவும் படலியே டீச்சர்?"

பாட்டு ஓடியது.

"டீச்சர், உங்களத்தான் கேக்குறேன். தம்பி ஏதாச்சும் சாப்பிட்டாரா?"