கேட்காமல் விட்ட சனிக்கிழமை

அவள் ஊசி குத்தினால் வலியே தெரியாது என்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பெயர் எடுத்தவள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மட்டும், லாரி ஓட்டுநர் ஒருவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி இரண்டு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின.

"மன்னிச்சிடுங்கண்ணே. இன்னிக்கு என்னமோ..."

ஈரல் சோதனைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பல்லாம் என் கையும் காலையில இப்படித்தாம்மா ஆடும். வண்டியில கோளாறுன்னு மெக்கானிக்கப் போட்டுத் திட்டுவேன். குடிய நிறுத்தி ஒன்பது வருஷம் ஆச்சு." மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு முகவரியை எழுதி நீட்டினார். "குடிய விட்டவங்க, விட நினைக்கறவங்க கூடுற இடம். வியாழக்கிழமை அஞ்சரை மணி. யாரும் பேரு கேக்க மாட்டாங்க."

"எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று சிரித்தபடி சீட்டைக் குப்பைக்கூடையில் போட்டாள். மதியம், யாரும் இல்லாதபோது அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை. அன்று மதியம் ஆறு மாதக் கைக்குழந்தையைக் குளிப்பாட்ட பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் விளாவியது அவளுக்கு நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, நாக்கு வறண்டு படுக்கையில் கண் விழித்தது. விளக்குப் போடாமல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கணவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஏழு வயது மகள். மகளின் விரல் நுனிகள் ஊறி, வெளுத்துச் சுருங்கியிருந்தன. நடுவில் இருந்த நேரத்தைக் காணவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே குழாய் திறந்தாலும், அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து யாரோ "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார்கள். பரிசோதனைக் கூடத்தில் கை கழுவும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டாள். அந்தக் குரல் கேட்காமலிருக்க, சோப்புத்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்த பாட்டிலை எடுத்தாள். குடித்த பிறகும் கேட்டது.

சீட்டில் இருந்த முகவரி ஓர் அச்சகத்தின் மாடி. முதல் வியாழக்கிழமை அதன் பக்கவாட்டுப் படிக்கட்டுவரை போய்த் திரும்பினாள். அடுத்த வாரம் கதவுவரை. மூன்றாம் வாரம் உள்ளேயிருந்து லாரி ஓட்டுநரே பார்த்துவிட்டார். "வாம்மா. இந்தப் படியில ரெண்டு வாரம் ஏறி இறங்காதவங்க இங்க யாருமில்ல." உள்ளே பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். கீழே அச்சு எந்திரம் ஓட ஓட நாற்காலிகள் மெல்ல அதிர்ந்தன. தன் நடுக்கம் யாருக்கும் தெரியாது என்பது ஆறுதலாக இருந்தது.

எல்லோரும் 'கணக்கு வாத்தியார்' என்று அழைத்த ஒருவர் பேசினார். "நான் என்ன பண்ணினேன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. தெரிஞ்சுக்கப் பயந்தே இன்னும் நாலு வருஷம் குடிச்சேன்."

தன் முறை வந்தபோது தொட்டியில் தண்ணீர் விளாவியதுவரை சொன்னாள். "அதுக்கப்புறம் எனக்குத் தெரியல." யாரும் துருவவில்லை, தேற்றவும் இல்லை. காத்திருந்தார்கள். பிறகு அடுத்தவர் பேசினார்.

வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் எதிரில் நின்றாள். "அந்தச் சனிக்கிழம என்ன நடந்துச்சு?"

அவன் கை நின்றது. "நீ கேக்கவே இல்லையே."

"இப்பக் கேக்கறேன்."

"துண்டு எடுக்க வந்தவ போதையில அப்படியே படுத்துட்ட. நான் வேலை முடிஞ்சு வர்றப்ப குளியலறையில குழாய் ஓடிட்டே இருந்துச்சு. தொட்டி நிரம்பி வழியுது. பெரியவ தம்பி தலையத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எவ்வளவு நேரமோ. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "தம்பியத் தூக்கிட்டு வெளிய வரவேண்டியதுதானேன்னு கேட்டேன். 'தம்பிய நீ தூக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க'ன்னா."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் வரவில்லை. அறையை விட்டும் போகவில்லை.

அன்றே சோப்புத்தூள் டப்பாவிலிருந்த பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். அடுத்த வியாழன், விட்ட இடத்திலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னாள். நடுவில் ஒருமுறை மறுபடி குடித்துவிட்டாள். அதையும் போய்ச் சொன்னாள். ஐந்து மாதம் ஆகிறது. அந்தக் குரல் போகவில்லை. ஆனால் அது யாருடையது என்று இப்போது தெரியும். அதனால் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

சென்ற வியாழன் செருப்பு மாட்டும்போது மகள் வந்து நின்றாள்.

"அங்க போயி என்னம்மா பண்ணுவீங்க?"

"நான் பண்ணின தப்பெல்லாம் சொல்லுவேன்."

"என்னப் பத்தியும் சொன்னீங்களா?"

"சொன்னேன்டா கண்ணு."

மகள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "கை ரொம்ப வலிச்சுது. ஆனா நான் கைய எடுக்கவே இல்ல. அதச் சொன்னீங்களா?"

"இல்லடா. அது எனக்குத் தெரியாது."

"அப்ப இன்னிக்குச் சொல்லுங்க" என்றாள் மகள்.

அன்று மாலை அவள் அதைச் சொன்னாள்.