தண்ணீர் படக் கூடாத தரை

பாக்கியம் அக்கா வீட்டுத் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுத் தரையில் பொட்டு கீழே விழுந்தால் தேடி எடுக்க முடியாது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே சிவப்பு சிமெண்டு, ஒரே கொத்தனார் போட்டது. காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கும் செட்டி சனங்களின் குடியிருப்பான கம்போங் செட்டிக்கும் நடுவே இருப்பது ஒரு செம்பருத்தி வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் தரை மினுங்குகிறது, இந்தப் பக்கம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. எனக்கு எரிச்சல் வருமா, வராதா?

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. என் நாத்தனார் ஜெயாவைப் பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். கோப்பி குடித்தார்கள், பலகாரம் தின்றார்கள், "போய்ச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

"வீடு இந்த லட்சணத்துல இருந்தா யாருக்குப் பொண்ணெடுக்க மனசு வரும்? எல்லாம் இந்தத் தரையாலதான்" என்று நான் சொன்னேன். லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் மருதமுத்து தலையாட்டினார். ஜெயா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பார்வையின் அர்த்தம் எங்கள் மூவருக்கும் தெரியும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பி, வலது காலைவிடக் குட்டையாகப் போய்விட்டது. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வாள். வந்தவர்கள் பார்த்தது தரையை அல்ல. ஆனால் காலை நான் என்ன செய்ய முடியும்? தரையை ஏதாவது செய்யலாம். அதனால் பழியைத் தரைமேல் போட்டேன்.

மூன்றாவது இடம் செமாபோக்கிலிருந்து வந்தது. மாப்பிள்ளை சேதுராமன் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய அம்மா ருக்மணி வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம் என்றார்கள். "பொண்ணு மெதுவா நடக்கும், அவ்வளவு அடக்கம்" என்று தரகர் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இது பாதிப் பொய்தானே என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். நாடு சுதந்திரம் வாங்கும் மெர்டேக்கா நாள் சனிக்கிழமை. அவர்கள் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

ஊரே சுதந்திரத்துக்காக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். வசதி உள்ளவர்கள் சாயம் வாங்கிப் பூசட்டும், எனக்குச் சுண்ணாம்பு போதும். சுண்ணாம்பில் உப்பும் சோற்றுக் கஞ்சியும் கலந்து அடித்தால் சுவரில் பிடித்துக்கொள்ளும். துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு துளி விட்டால் வெள்ளை எடுப்பாகத் தெரியும். வேலியோரத்துப் புளிப்பு பெலிம்பிங் காயை நசுக்கித் தேய்த்ததில் பித்தளைக் குத்துவிளக்கு புதிதாகிவிட்டது. கண்ணாடிக்கு ஈரப் பேப்பர், அலமாரிக் கரப்பானுக்குப் பாண்டான் இலை. இதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. அக்கம்பக்கத்தில் எந்தத் துணியில் கறை பட்டாலும் என்னிடம்தான் கேட்க வருவார்கள்.

திரைக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். கோதுமை மாவுச் சாக்குகளைப் பிரித்து, மண்ணெண்ணெயும் சவுக்காரமும் போட்டு ஊறவைத்து வெளுத்து, என் பழைய சேலைக் கரையை ஓரத்தில் வைத்துத் தைத்தேன். சாக்கில் அச்சடித்திருந்த சேவல் மட்டும் எவ்வளவு கசக்கியும் போவேனா என்றது. அதை மடிப்புக்குள் ஒளித்தேன். திரையைக் கட்டிய இடத்தில்தான் என் சாமர்த்தியம் எல்லாம் இருந்தது. விருந்தாளிகளுக்கு விரிக்கும் பாயை ஒட்டியே கூடத்தின் குறுக்கே கட்டினேன். ஜெயா முன்கூட்டியே அதன் பின்னால் வந்து நின்றுகொள்வாள். கூப்பிட்டதும் விலக்கிக்கொண்டு வந்தால் ஓரெட்டில் பாய். தட்டை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நடப்பதற்கே இடமில்லை.

ஜெயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்க அண்ணி. கல்யாணத்துக்கு அப்புறமும் திரைக்குப் பின்னாலயே நின்னு குடும்பம் நடத்தவா?"

"நீ வாய மூடு. மொதல்ல தட்டு மாத்தட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"இந்தத் தடவையும் போயிட்டாங்கன்னா இனிமே யாரு முன்னாலயும் நான் வந்து நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எல்லாம் ஆயிற்று, தரை மட்டும் மசியவில்லை. பாக்கியம் அக்காவிடம் போய்க் கேட்க என் ரோஷம் இடம் தரவில்லை. அதனால் வேவு பார்த்தேன். அவர் வீட்டுக் குப்பையில் மெழுகு டின் எதுவும் இல்லை. தரை துடைக்க அவர் வாளி எடுத்தும் நான் பார்த்ததில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் லேசாகத் தேங்காய் வாசம் வரும், அவ்வளவுதான். பிறகு ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் சோற்றுக்கும் தேங்காய்ப்பால், கூவே பலகாரத்துக்கும் தேங்காய்ப்பால். அத்தனை தேங்காய் பிழிந்தால் சக்கை எங்கே போகிறது? எங்கள் வீட்டில் சக்கை கோழிக்குப் போகும். அவருடைய கோழிகளோ வேலியில் நுழைந்து எங்கள் சக்கையைக் கொத்திக்கொண்டிருந்தன.

இதற்கு மேல் தாங்கவில்லை. தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வேலியோரம் நின்று நேராகவே கேட்டுவிட்டேன். செட்டி சனங்கள் கும்பிடுவது நம் சாமியைத்தான், பேச்சு மட்டும் மலாய். பாக்கியம் அக்கா சிரித்துக்கொண்டே என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பால் பிழிந்த சக்கையைத் துணியில் முடிந்து தரை முழுக்கத் தேய்த்தார். எண்ணெய் ஊறியதும், பாதியாக வெட்டிய காய்ந்த தேங்காய் மட்டையை நார்ப் பக்கம் கீழே இருக்கக் கவிழ்த்துப் போட்டு, ஒரு காலை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளினார். தள்ளத் தள்ள என் முகம் தரையில் தெரிந்தது. ஒரு டின் மெழுகு இல்லை, ஒரு காசு செலவில்லை!

"ஜாங்ஙான் கெனா ஆயேர்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் படக் கூடாது என்கிறார். எனக்கா தெரியாது? எண்ணெய்த் தரையில் யாராவது தண்ணீரை ஊற்றுவார்களா?

சனிக்கிழமை ஊரெல்லாம் கொடி கட்டிக் கொண்டாட, நாங்கள் சக்கை தேய்த்தோம். மட்டையை நான் கொஞ்ச நேரம் தள்ளியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜெயா வாங்கி, தன் இடது காலை அதன்மேல் வைத்தாள்.

"அண்ணி, இங்க பாருங்களேன்."

மட்டையின் உயரமும் அவள் காலின் குறையும் சரிக்குச் சரியாகிவிட்டன. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்க, நேராக நின்றாள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழுக்கிக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

"போதும் போதும், சிமெண்டு தேஞ்சிடப் போவுது" என்று அதட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரை தகதகவென்று கிடந்தது. கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தக் கூடாது என்று என் வீட்டுக்காரருக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். குடிக்கிற தண்ணீரைக்கூட அடுப்படியில் நின்று குடிக்கச் சொன்னேன். பிறகு, பெலிம்பிங் போட்டுத் துலக்கிய பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வாசலில் வைத்தேன். வீடு தேடி வருகிறவர்கள் கால் கழுவாமலா உள்ளே வருவார்கள்? அது மரியாதை. அதைப் போய்த் தண்ணீர் என்று யார் நினைப்பார்கள்?

வந்தார்கள். ருக்மணியம்மாள் வாட்டசாட்டமான பெண்மணி. வாசலிலேயே சுவரை ஒரு பார்வை, விளக்கை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வாங்கம்மா, வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?"

அம்மாள் சொம்பை எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டார். மகனும் ஊற்றிக்கொண்டார். அவர்களை வரவேற்க வாசலுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரரும் காலைக் கழுவிக்கொண்டார். நான் கைகூப்பி முடிப்பதற்குள் ருக்மணியம்மாளின் வலது கால் அவரை விட்டுவிட்டு முன்னால் போனது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அம்மா!" என்று பதறிய சேதுராமன் அம்மாவைத் தாண்டிப் போய் மல்லாந்தார். தூக்கிவிட ஓடிய என் வீட்டுக்காரர் சறுக்கிக்கொண்டே வந்து, பிடிக்க வேறொன்றும் கிடைக்காமல் திரையைப் பிடித்தார். திரை ஆணியோடு வந்தது, அவரும் கீழே விழுந்தார். மடிப்பு விரிந்து, சேவல் கொண்டையோடும் வாலோடும் தரையில் படுத்தது. நான் நகரப் பயந்து சுவரைப் பிடித்தேன். கஞ்சி போதவில்லை போலிருக்கிறது, உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு.

திரை இருந்த இடத்தில் ஜெயா கோப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அங்கேயே நில் என்று கண்ணாலேயே அவளைக் கெஞ்சினேன்.

அவள் கேட்கவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு, கூடத்தின் முழு நீளத்தையும் நடந்து வாசலுக்கு வந்தாள். சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, நிமிர்ந்து. ஓரிடத்திலும் வழுக்கவில்லை. காய்ந்த கால். அதோடு, ஒவ்வோர் அடியையும் பார்த்து ஊன்றியே பழகிய கால்.

"ஈரத்த இதுல தொடைச்சிக்குங்கம்மா. என் கையப் புடிங்க. பாதத்த முழுசா வெச்சி, மெதுவா வாங்க."

ருக்மணியம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருவரும் பாயை நோக்கி வந்தார்கள். அவள் சாய்ந்தபோது அவரும் சாய்ந்தார், அவள் நிமிர்ந்தபோது அவரும் நிமிர்ந்தார். பாயில் உட்கார்ந்ததும் அம்மாள் அவள் காலைப் பார்த்தார்.

"கால் எப்பருந்து இப்படி?"

"சின்ன வயசுலருந்து. காய்ச்சல்ல."

"தரகரு சொல்லலியே."

நான் வாயைத் திறந்தேன். ஜெயா முந்திக்கொண்டாள்.

"சொல்ல மாட்டாரும்மா. நாங்களும் சொல்லியிருக்க மாட்டோம். அந்தத் திரையக் கட்டுனதே அதுக்குத்தான்."

என் மானம் போயிற்று. நிச்சயம் போயிற்று, கல்யாணமும் போயிற்று. அம்மாள் உள்ளங்கையால் தரையைத் தடவினார், அதை மூக்கருகே கொண்டுபோனார். அவருடைய புருவம் ஏறியது.

"தேங்கா வாசம் வருது. என்னத்தப் போட்டுத் தேச்சது?"

"பால் புழிஞ்ச சக்கை. அப்புறம் மட்டை."

"யாரு தேச்சது?"

"நான்தான்."

"இந்தக் கால வெச்சிக்கிட்டா?"

"இந்தக் காலாலதான்ம்மா. மட்டை மேல வெச்சா ரெண்டும் சமமாயிடுது."

சேதுராமன் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்தால் மறுபடி விழுவோமோ என்ற பயம். "எப்படி? செஞ்சி காட்டுங்களேன்" என்றார். கிண்டல் இல்லை, சைக்கிளில் புது பிரேக்கைப் பார்க்கிறவர் குரல்தான் அது. ஜெயா மட்டையை எடுத்து வந்து காலை வைத்தாள், நேராக நிமிர்ந்தாள், ஒரு தள்ளுத் தள்ளிப் போய்த் திரும்பி வந்தாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

ருக்மணியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீங்க மறைச்சது எனக்குச் சுத்தமாப் புடிக்கல. வேற யாராவது சொல்லித் தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுப் படிய மிதிச்சிருக்க மாட்டேன்."

"தப்புத்தாம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

"ரெண்டு காலும் நல்லா இருக்குற நாங்க மூணு பேரும் கீழ கெடந்தோம். இந்தப் புள்ளதான் நடந்து வந்து தூக்குச்சி. கேட்டதுக்கு ஒடைச்சிப் பதிலும் சொல்லுச்சி. எனக்கு அது போதும்." பிறகு மகனைப் பார்த்தார். "உனக்கு?"

"எனக்குச் சம்மதம்மா. அவங்கள கேளுங்க."

எல்லாரும் ஜெயாவைப் பார்த்தோம். அவள் மட்டையிலிருந்து காலை எடுத்து, தன் சாய்வுக்கே வந்து நின்றாள்.

"மொதல்ல அவர எழுந்து நிக்கச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் சுவரைப் பிடித்து, பாதத்தை முழுசாக வைத்து, மெதுவாக எழுந்தார். நின்றும் காட்டினார். ஜெயா தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கச் செமாபோக் வரச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். அம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க வீடும் சிமெண்டுத் தரைதான். மட்டைய மறக்காம எடுத்துட்டு வா" என்றார். என்னிடம் இல்லை, ஜெயாவிடம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியம் அக்கா காத்துக்கொண்டிருந்தார். தரை எப்படி இருந்தது என்று கேட்டார். கால் கழுவச் சொம்பு வைத்த கதையைச் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின.

நான் திரும்பி வந்தபோது ஜெயா கூடத்தில் உட்கார்ந்து திரையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அதை மடித்துத் தைத்து, சேவல் மேலே தெரியும்படி, சொம்புக்குப் பக்கத்தில் வாசலில் போட்டாள். வருகிறவர்கள் கால் துடைத்துக்கொண்டு வரட்டுமாம். அத்தனை பாடுபட்டுத் தைத்த திரை. நானே முதல் ஆளாகப் போய் அதில் என் காலைத் துடைத்தேன்.