இடம் மாறிய லென்ஸ்

என் வாய்க்குப் பூட்டுப் போடத்தான் மனநல மருத்துவமனைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் எனக்குத் தெரியாது. சிகிச்சை என் வீட்டுக்காரருக்கு. எங்களுடையது கண்ணாடிக் கடை. முன்பக்கம் நான் வியாபாரம் பார்ப்பேன், பின்னறையில் அவர் லென்ஸ் தேய்ப்பார். போன வருஷம் மனச்சோர்வு வந்து ஆளையே உருக்கிவிட்டது. மாத்திரை சாப்பிட்டு எழுந்து நடமாடத் தொடங்கினார். ஆனால் அரைத்த மாவையே அரைக்கும் புத்தி மட்டும் போகவில்லை.

"நான் எதைத் தொட்டாலும் தப்பாத்தான் போகும்" என்பார். விடுவேனா நான்? "இந்தத் தெருவுல பாதிப் பேரு உங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தானே நடக்கறாங்க? யாராவது கம்பத்துல போய் மோதினாங்களா?" என்பேன். ஒவ்வொரு தடவையும் வாதத்தில் ஜெயிப்பது நான்தான். டீ ஆறுவதற்குள் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மருத்துவமனையில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நினைப்பை விரட்ட வேண்டாமாம். வந்தால் வந்திருக்கிறது என்று கவனித்துவிட்டு மூச்சுக்கோ கைவேலைக்கோ திரும்ப வேண்டுமாம். இதென்ன வைத்தியம்! பச்சைக் குழந்தைகூடச் சொல்லிக்கொடுக்காமலே மூச்சு விடுகிறது. பயிற்சி தருகிற அம்மா ஒரு நாள் என்னையும் உட்கார வைத்து, "நீங்க வாதாட வாதாட, அவர் மனசு எதிர்வாதம் தேடிக்கிட்டே இருக்கும். இனிமே பதில் சொல்லாதீங்க. அந்த நினைப்பு வரும்போது உடம்புல எங்க தெரியுதுன்னு மட்டும் கேளுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பேசாமல் இருக்க எங்கள் வம்சத்திலேயே ஆள் கிடையாது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். சில நாள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களோடு சண்டை போட்டேன்.

போன வாரம் ஒரு பஸ் டிரைவர், முதல் நாள் வாங்கிப்போன கண்ணாடியோடு வந்து கத்தினார்.

"என்னம்மா செஞ்சு வெச்சிருக்கீங்க? படியெல்லாம் எழும்பி எழும்பி வருது. இதைப் போட்டுக்கிட்டு பஸ் ஓட்டினா என்ன ஆகறது?"

பவர் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன். வலது கண்ணுக்கானது இடதில், இடது கண்ணுக்கானது வலதில். முன்பு ஒரு ஃப்ரேமில் கீறல் விழுந்ததற்கே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த என் வீட்டுக்காரர், மருத்துவமனைக்குப் போகும்வரை எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

"மெதுவாப் பேசுங்கண்ணே. நாளைக்கு வாங்க. வேற கடையில கொடுத்தாவது மாத்தித் தர்றேன்" என்று கெஞ்சிக் கண்ணாடியை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

"அதை இங்க குடு" என்றார் என் வீட்டுக்காரர். பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தார். முகம் வெளிறியது. இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றி அப்படியே நின்றார். 'யாருக்குத்தான் தப்பு நடக்காது, இதுக்குப் போயா' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

"எங்க தெரியுது?" என்று மட்டும் கேட்டேன்.

"நெஞ்சுல. கல்லு வெச்ச மாதிரி." மெல்ல மூச்சு விட்டார். "'உன்னால எதுவும் முடியாது'ன்னு ஆரம்பிச்சிடுச்சு. பழைய பாட்டுதான். பாடட்டும்."

பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடதுதான் சார். ரெண்டு லென்ஸும் இடம் மாறிடுச்சு. ஃப்ரேமுக்கு வெட்டினதால கழட்டி மாத்திப் போட்டா உக்காராது. உக்காருங்க, இப்பவே புதுசா தேய்ச்சுத் தர்றேன்."

அவர் உள்ளே போனதும் டிரைவர் கோபத்தை மறந்து என்னிடம் குனிந்தார். "என்னம்மா, அவருக்கு நெஞ்சு வலியா?"

"இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கார்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே உறைத்தது.

பின்னறையில் மெஷின் ஓடியது. நடுவில் ஒரு தடவை நின்றது. நான் எழுந்து பின்னறை வாசல் வரை போனேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடியது. டிரைவர் புதுக் கண்ணாடியைப் போட்டு வாசல் படியில் ஏறி இறங்கிப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு" என்று சொல்லிப் போனார். அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "எதுக்கு ஒளிச்சு வெச்சே?"

"நீங்க மறுபடி படுத்துடுவீங்கன்னு பயந்தேன்."

"நானும் அதுக்குத்தான் பயந்தேன்" என்றார். "பயந்துக்கிட்டேதான் மெஷினைப் போட்டேன். அது பாட்டுக்கு ஓடிச்சு."