கை தூக்கியவர்

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் முதுகு வலிக்காத ஆள் ஒருத்தரும் கிடையாது. சுருட்டிய துண்டு, பழைய சால்வை என்று ஆளுக்கொன்றை முட்டுக்கொடுத்து, வெளியே தெரியாமல் மறைத்துக்கொண்டுதான் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் மனைவி தைத்துக் கொடுத்த குட்டித் தலையணையை ஊரறியக் கொண்டுவருவார். பெயரே தலையணைக்காரர் ஆகிவிட்டது. பல வருஷமாகத் தற்காலிக வேலை. இந்த வருஷம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அதை நம்பித்தான் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது பார்த்து, எப்படி உட்காருவது என்று சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். பாதம் தரையில் படியவேண்டுமாம். திரை கண்ணுக்கு நேராக இருக்கவேண்டுமாம். அரை மணிக்கொரு தடவை எழுந்து நடக்கவேண்டுமாம். நடந்தால் வேலையை யார் பார்ப்பது, இவரா? கடைசியில், “இங்க யாருக்கெல்லாம் முதுகு வலி இருக்கு?” என்று கேட்டார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பின்னால் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பேசாம இருங்கண்ணா” என்று தலையணைக்காரரிடம் பக்கத்து நாற்காலிப் பெண் முணுமுணுத்தாள்.

கேட்டாரா மனுஷன்? நல்லது செய்யத்தானே கேட்கிறார்கள் என்று நம்பிக் கையைத் தூக்கித் தொலைத்தார். “எனக்கு இருக்கு சார். நாற்காலில சாயுற இடம் உடைஞ்சிருக்கு. வேற ஒண்ணு கொடுத்தா போதும்.”

“கட்டாயம் பாத்துடலாம்” என்றார் மேலாளர், தேனொழுக.

பார்த்தார்கள். மாதக் கடைசியில் கூப்பிட்டு, “உடம்புதான் முக்கியம். உட்கார்ற வேலை உங்களுக்கு ஒத்துக்கல. இனிமே வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று கணக்கை முடித்துவிட்டார்கள். “வலியெல்லாம் பெருசா இல்ல சார்” என்று அவர் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை. வீட்டில் மனைவி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

சில நாள் கழித்து, விட்டுவந்த தலையணையை எடுக்கப் போனார். அவர் இடத்தில், அதே உடைந்த நாற்காலியில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கு அவருடைய தலையணை. பயிற்சியாளர் மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு கைகூட எழவில்லை. அந்தப் பெண் இடுப்பைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா சார், போன தடவை ஒருத்தருக்கு வலி இருந்துச்சு. இப்ப யாருக்குமே இல்ல” என்று பயிற்சியாளர் பூரித்துப்போனார். மேலாளரும் தலையாட்டினார்.

தலையணைக்காரர் தலையணையைக் கேட்காமலே, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார்.