பத்தாவது கட்டில்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் காகிதம் கிடைத்தால் எழுதிவிடுவார்கள். எதிரில் நாலு பேர் கிடைத்தால் எழுதியதைப் படித்தும் காட்டிவிடுவார்கள். முதியோர் இல்லத்தின் செயலாளருக்கு அன்றைக்கு இரண்டும் வாய்த்திருந்தன. பொன்விழாவுக்கென்று அவர் எழுதிய இல்லத்தின் வரலாறு, நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகமாக அச்சாகி வந்துவிட்டது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதை நின்றுகொண்டே படித்தார். "உக்காந்தே படிங்க சார்" என்று தலைவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தால் குரல் எடுபடாது என்று செயலாளர் மறுத்துவிட்டார்.

கரண்டியம்மா டீத் தட்டோடு உள்ளே வந்தபோது வரலாறு மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அவள் அந்த இல்லத்தின் சமையல்காரி. வயது எழுபத்தாறு, அதில் ஐம்பது அந்த அடுப்படியில் போனது. கரண்டியம்மா என்பது இல்லத்தில் இருந்த ஒரு கிழவர் வைத்த பெயர். வைத்தவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷமாகியும் பெயர் நிலைத்துவிட்டது. வழக்கமாக டீயை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவாள். இந்த ஆட்களின் பேச்சைக் கேட்பதைவிட அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது எவ்வளவோ மேல் என்பது அவள் கட்சி. அன்றைக்கு மட்டும் போகாமல் கதவோரம் நின்றாள். கூட்டத்தின் கடைசி விஷயம் அவளுடைய மனு.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை. ஐம்பது வருஷமாக அதுதான் அவள் வீடு. பொன்விழாவுக்காக அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, இல்லத்தை நிறுவிய பெரிய பாதிரியாரின் நினைவு அறையாக்கப் போகிறார்கள். செத்துப்போன மனிதரின் மூக்குக் கண்ணாடி, கைத்தடி, மைப்புட்டி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் குடிவர வேண்டுமென்றால் உயிரோடு இருக்கிறவள் வெளியே போக வேண்டும். அக்கா மகன் தன் வீட்டு பால்கனியில் ஒரு ஓரம் தருவதாகச் சொல்லியிருந்தான். மழை பெய்தால் என்ன செய்வது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதனால்தான் இல்லத்திலேயே ஒரு கட்டில் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். எழுபத்தாறு வயதில் முதியோர் இல்லத்தில் இடம் கேட்பது பேராசை ஆகாது என்று அவள் நினைத்தாள்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "'ஒரு மழைநாள் மாலையில், ஆலய வாசலில் நனைந்தபடி நின்ற ஒரு முதியவரைக் கண்டார் நம் பெரிய பாதிரியார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியும்வரை முழந்தாளில் நின்று மன்றாடினார். விடிந்தபோது இந்த இல்லம் அவர் உள்ளத்தில் பிறந்துவிட்டது.'"

கரண்டியம்மாவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. பெரிய பாதிரியார் உறங்காமல் இருந்ததாக அவளுக்குத் தெரிந்து சரித்திரமே இல்லை. ஜெபக் கூட்டத்தில் அவர் கண்ணை மூடினால், ஆமென் சொல்லும் இடத்தில் யாராவது முழங்கையால் இடிக்க வேண்டும்.

நடந்தது வேறு. ஊரிலிருந்த ஒரு பணக்காரர் சாகும்போது தன் கட்டடத்தை ஆலயத்துக்கு எழுதி வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு வருஷத்துக்குள் பத்துக்குக் குறையாத முதியவர்கள் அதில் குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டடம் அவருடைய அண்ணன் மகனுக்குப் போய்விடும். பெரிய பாதிரியார் பதினோரு மாதம் அதில் பாடகர் குழுவின் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். பன்னிரண்டாம் மாதம்தான் அவருக்கு முதியோர் மேல் இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. ஆள் பிடிக்கக் கிளம்பினார்கள். கல்லறைத் தோட்டத்துக் காவலாளியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கோயில் மணி அடிப்பவர், கேட்பதற்கு முன்பே தன் மாமியாரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். இப்படியாகப் பத்துப் பேர் தேறினார்கள். வக்கீல் வந்து எண்ணிப் பார்க்க வேண்டிய நாளன்று காலையில் பத்தாவது கிழவர் மகள் வீட்டுக்கு ஓடிவிட்டார்.

பாதிரியார் சமையலறைக்குள் ஓடி வந்தார். கரண்டியம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. புருஷனைப் புதைத்து மூன்று மாதம், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். "கொஞ்ச நேரம் படும்மா, கர்த்தருடைய காரியம்" என்றார். அவள் தலையில் ஒரு கிண்ணம் மாவைக் கொட்டித் தடவியது அவர் கைதான். போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, பத்தாவது கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க வைத்தார்கள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று வக்கீல் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் இருமினாள். வேதத்திலிருந்து அவசரத்துக்கு அகப்பட்ட ஒரு கிழவியின் பெயரைப் பாதிரியார் பதிவேட்டில் எழுதினார். வயது எழுபத்திரண்டு என்று போட்டார். இடது கட்டைவிரலைப் பிடித்து அவரே கைநாட்டும் வைத்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் அவளுக்கு ஒரே கவலை, அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துவிடுமே என்பதுதான். இந்த ஐம்பது வருஷத்தில் அவள் அந்த இல்லத்தில் பகலில் முதுகைச் சாய்த்தது அந்த அரைமணி நேரம் மட்டும்தான்.

அப்படிப் பிறந்த இல்லம் மூன்று மாடிக்கு வளர்ந்தது. ஆதரவற்றவர்களுக்கென்று ஆரம்பித்த இடத்தில், நாளடைவில் ஆதரவற்றவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் மூன்று பிள்ளைகள் உள்ளவருக்கு முதல் மாடியில் இடம். குழுத் தலைவரின் சித்தப்பாவுக்கு அங்கேயே இரண்டு அறை, ஒன்று அவருக்கு, ஒன்று அவருடைய பெட்டிகளுக்கு. உண்மையிலேயே கதியில்லாதவர்கள் வாசலில் வந்து நின்றால், சிபாரிசுக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். செயலாளர் இதையெல்லாம் 'வளர்ச்சிப் பருவம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்.

"இப்ப ஒன்பதாம் பக்கம்" என்றார் செயலாளர். "முதல் பத்து முதியோரைப் பத்தி. இதை எழுதறப்ப எனக்கே கண் கலங்கிடுச்சு."

பத்துப் பேரையும் வரிசையாகக் கொன்றுகொண்டே வந்தார். கல்லறைக் காவலாளி பாட்டுப் பாடியபடியே இறைவனடி சேர்ந்தார். மணியடிப்பவரின் மாமியார் மருமகனை ஆசீர்வதித்துவிட்டுக் கண்ணை மூடினாள். அந்தக் கிழவி கடைசிவரை மருமகனைத் திட்டிய திட்டுகள் கரண்டியம்மாவுக்கு இன்னும் மனப்பாடம். பத்தாவது ஆளுக்கு வந்ததும் செயலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"'பத்தாவதாக வந்தவர் எழுபத்திரண்டு வயதான ஏழை விதவை. இரண்டே வருடங்கள்தாம் நம்மோடு இருந்தார். உயிர் பிரியும் வேளையில் பெரிய பாதிரியாரின் கரத்தைப் பற்றிக்கொண்டு, ஐயா, மோட்சம் எப்படி இருக்கும் என்று இங்கேயே பார்த்துவிட்டேன் என்றார். அதுவே அவருடைய கடைசி வார்த்தை.'"

தலைவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். கரண்டியம்மா தன்னுடைய கடைசி வார்த்தையைக் காதாரக் கேட்டுவிட்டு, அவருடைய கோப்பையில் டீயை ஊற்றினாள். உழைத்து உழைத்துத் தேய்ந்த ஐம்பது வருஷத்துக்கு ஒரு பக்கம்கூட அந்தப் புத்தகத்தில் அவளுக்கு இல்லை. அரைமணி நேரம் பொய்யாகப் படுத்ததற்கு அரைப் பக்கம்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மனுவை எடுத்தார்கள். அது முடிய அரை நிமிஷம் போதுமாயிருந்தது.

"கரண்டியம்மா, நீங்க இந்த இல்லத்துக்குச் செஞ்ச சேவையைக் கர்த்தர் மறக்க மாட்டார்" என்றார் தலைவர். கர்த்தர் தலையில் கட்டுகிறார்கள் என்றால் தாங்கள் கை கழுவுகிறார்கள் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு பாருங்க. பதிவேட்டுல பேர் ஏறினவங்களுக்குத்தான் கட்டில். வேலைக்கு வந்தவங்களுக்குக் கிடையாது. உங்களுக்குத்தான் அக்கா பையன் இருக்காரே."

"பதிவேட்டுல ஏறினவங்களுக்கு உண்டுங்களா?"

"அவங்களுக்கு ஆயுசுக்கும் உண்டு. பெரிய பாதிரியார் போட்ட விதி அது. யாரும் மாத்த முடியாது."

கரண்டியம்மா தட்டை மேஜை மேல் வைத்தாள். "அப்ப அந்தப் பத்தாவது ஆள் இன்னும் சாகலைங்க."

"யாரு?" என்றார் செயலாளர்.

"ஒன்பதாம் பக்கத்துல இருக்கறவங்க. மோட்சத்தைப் பாத்தேன்னு சொன்னாங்களே, அவங்கதான். அது நான்தான் சார்."

அடுப்படியில் வெந்து வெந்து கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காகத் தூசி தட்டிய பதிவேடு மேஜையிலேயே இருந்தது. மை தடவும் பெட்டியும் பக்கத்திலேயே இருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. இடது கட்டைவிரலை மையில் அழுத்தி, தன் மனுவின் ஓரத்திலேயே பதித்தாள். சின்ன வயதில் கத்தி பட்டு, அந்த விரலில் குறுக்கே ஒரு தழும்பு. பதிவேட்டின் பத்தாவது வரியில், மங்கிய ரேகைக்குக் குறுக்கே அதே வெள்ளைக் கோடு ஓடியது. செயலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அவள் மாவுக் கிண்ணத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது தலைவரின் டீயில் ஆடை படிந்திருந்தது.

"இது வெளியில யாருக்காவது தெரியுமா?" என்றார் அவர், மெதுவாக.

"இதுவரைக்கும் தெரியாதுங்க."

தலைவரின் கண் சுவரில் தொங்கிய விழா அழைப்பிதழுக்குப் போனது. தலைமை, பேராயர். சிறப்பு விருந்தினர், கட்டடத்தைக் கொடுத்தவரின் அண்ணன் மகனுடைய மகன். பெரிய வக்கீல். பத்துக்கு ஒன்று குறைந்திருந்தது என்று அந்த மனிதர் காதில் விழுந்தால், அவர் வாழ்த்துரை வழங்கிவிட்டுப் போக மாட்டார், வழக்குப் போட்டுவிட்டுத்தான் போவார். இதெல்லாம் தலைவரின் நெற்றியில் வேர்வையாக வந்து நின்றது.

"அப்படின்னா இவங்க வயசு இப்ப நூத்தி இருபத்திரண்டு ஆகுதே" என்றார் செயலாளர், கணக்கு மட்டும் தவறாத வாத்தியாராக. "புத்தகம் வேற ஐநூறு பிரதி அச்சாயிடுச்சு. இவங்க உயிரோட இருந்தா எல்லாத்தையும் மாத்தணும்."

அவர்களுடைய துக்கம் அதுதான். அவள் ஏமாற்றப்பட்டதில் ஒருத்தருக்கும் துக்கமில்லை. அவள் சாகாததில்தான் துக்கம். கரண்டியம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. வீச்சமெடுத்த பாத்திரத்தை ஒதுக்கி வைப்பது போல அவர்களை மனசுக்குள் ஓரமாக வைத்தாள்.

"புத்தகத்துல நான் செத்தே இருந்துக்கறேன் சார்" என்றாள். "பத்துப் பேருன்னு எழுதியிருக்கு. பத்துப் பேராவே இருக்கட்டும். எனக்கு என் கட்டிலைக் குடுத்துடுங்க. அப்ப சுவரோரமா இருந்துச்சு, இப்ப ஒரு பக்கம் ஜன்னலும் வேணும். சமையலுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

சித்தப்பாவின் பெட்டிகள் அன்று சாயங்காலமே இடம் மாறின.

விழா அமர்க்களமாக நடந்தது. பேராயர் பெரிய பாதிரியாரின் சிலையைத் திறந்து வைத்தார். சிலையின் கண்கள் திறந்திருந்தன. அதுவும் கரண்டியம்மாவுக்குப் புதிதாக இருந்தது. மறைந்த முதல் பத்து முதியோருக்காக ஒரு நிமிஷம் எழுந்து மௌனமாக நிற்கச் சொன்னார்கள். அவளும் எழுந்து தலைகுனிந்து நின்றாள். தன் ஆத்மா சாந்திக்குத் தானே நிற்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அந்த ஒரு நிமிஷமும் செயலாளர் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுகள் முடிவதற்கு முன்பே அவள் முதல் மாடிக்கு ஏறிப் போய்ப் படுத்தாள். கட்டிலின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஜன்னல். ஜன்னல் வழியாக அவள் இதுவரை மேலிருந்து பார்த்திராத சமையலறைக் கூரை தெரிந்தது. இத்தனை சின்ன இடத்திலா இத்தனை வருஷம் நின்றோம் என்று இருந்தது. அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் கூப்பிடவில்லை என்பதே பெரிய சுகமாக இருந்தது.

அந்தச் சுகம் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. செயலாளர் படியேறி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"கரண்டியம்மா, பேராயர் டீ கேக்கறார். வக்கீலும் கேக்கறார். புதுசா வந்தவனுக்கு அந்தப் பழைய அடுப்பைப் பத்த வைக்கவே தெரியல. அஞ்சே நிமிஷம் வந்துட்டுப் போங்க."

அவள் கால் தானாகவே தரையில் இறங்கிச் செருப்பைத் தேடியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் செயலாளரைவிடத் தன் கால் மேல்தான் ஆத்திரம் வந்தது. தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டாள்.

"ஒன்பதாம் பக்கம் படிச்சீங்களா சார்?"

"அது எதுக்கு இப்ப?"

"அவங்க செத்து நாப்பத்தெட்டு வருஷமாச்சு. நீங்கதான எழுதியிருக்கீங்க. செத்தவங்க வந்து டீ போடுவாங்களா?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். செயலாளர் இன்னும் போகாமல் நிற்பது தெரிந்ததும், எழுபத்திரண்டு வயதுக் கிழவி போல ஒரு தடவை இருமினாள்.