ஆறாம் மாடல் சட்டை உரித்த நாள்

எங்கள் ஊரில் சுரங்க ரயில் ஒன்றே ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அது சட்டை உரிக்கும்; உள்ளேயிருந்து அடுத்த மாடல் வெளியே வரும். நான் மாடல் பிரிவில் எழுத்தர். சட்டை உரிக்கும் பருவம் நெருங்கினால் பெட்டி பெட்டியாகப் போய்த் துண்டு எண்ணுவது என் வேலை.

துண்டு போட்ட இருக்கைதான் அடுத்த மாடலுக்குப் போகும். அதில் உட்கார்ந்திருப்பவரும் கூடவே போவார். துண்டு இல்லாத இருக்கையும் ஆளும் பழைய சட்டையிலேயே தங்கிவிடுவார்கள். கைக்குட்டை செல்லும். செய்தித்தாள், குடை, தைத்த துணி எதுவும் செல்லாது, முயன்று பார்த்தாகிவிட்டது.

இதை ஊர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. முதல் மாடலில் மரப்பெஞ்சுகள் இருந்தன. ஒரு தீபாவளிக் காலையில், ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த நேரம், அது காலியாக ஓடும்போது உரித்துவிட்டது. டிரைவர் தன் இருக்கையில் துண்டு விரித்திருந்ததால் அது மட்டும் தப்பியது. மற்றபடி இரண்டாம் மாடல் இருக்கையே இல்லாமல் வந்தது. பத்து வருடம் எல்லோரும் நின்றுகொண்டே வேலைக்குப் போனார்கள். அந்தக் கோபத்தில் அடுத்த முறை தரையெங்கும் துண்டு விரித்தார்கள். யாரோ ஒருவர் கல்யாண ஜமக்காளத்தையே விரித்தார்; மூன்றாம் மாடலில் அந்த ஓர் இருக்கையில் நாற்பது பேர் உட்காரலாம். ஐந்தாம் மாடல் மார்கழியில் வெளிவந்ததால் குளிர்சாதனத்தோடு வந்தது. ஆறாவது வெளிவரும்போது உள்ளே ஒரு கல்யாணக் கோஷ்டி இருந்தது. அதனால் அதன் ஹாரன் நாதஸ்வரம்.

உரிந்த சட்டைகளை டெப்போவுக்குப் பின்னால் கொட்டகையில் வரிசையாக நிறுத்தியிருக்கிறோம். தங்கிவிட்டவர்கள் அவற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். பசிப்பதில்லை, வயதாவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தார் போய் ஜன்னலைத் தட்டினால், "இதோ, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவேன்" என்பார்கள்.

எங்கள் வீரபாகு சித்தப்பா நாலாம் மாடலில் இருக்கிறார். அது உரித்த அன்று அக்காவுக்கு ஒன்பது வயது. சித்தப்பாவோடு போனவள், மூக்கைத் துடைக்க அவர் துண்டை உருவிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கி ஓடியிருக்கிறாள். சித்தப்பா எழுந்து கதவுக்கு வருவதற்குள் கதவு மூடிவிட்டது. அந்தத் துண்டை அக்கா இன்னும் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். கொட்டகைக்கு மட்டும் இதுவரை ஒருநாளும் வந்ததில்லை.

இந்த வருடம் ஆவணியில் ஜன்னல் கண்ணாடிகள் வெளுக்க ஆரம்பித்தன. கண்ணாடி வெளுத்தால் நாற்பது நாளுக்குள் உரித்துவிடும். எந்த நாள் என்று ரயிலுக்கும் தெரியாது. முப்பத்தெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, கடைசிப் பெட்டியிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ஆறாம் பெட்டி, பதினாலாம் இருக்கை. துண்டு இல்லை. அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடும் வேலை பார்க்கிறாள்.

"அக்கா, துண்டு எங்கே?"

"கொண்டு வரல. ஜன்னலைப் பாருடா, முத்தின கண்புரை மாதிரி இருக்கு. ஆபரேஷனுக்கு ரெடி."

"விளையாடாதே. பையில கர்சீப்கூட இல்லையா?"

"டேய் கதிரேசா, அடுத்தவங்க துண்டை எடுத்தவ நான். எனக்கு எதுக்குத் துண்டு?" என்றாள். பிறகு பக்கத்து இருக்கைப் பெரியவரிடம், "என் தம்பிங்க. துண்டு எண்ண கவர்மென்ட் சம்பளம் கொடுக்குது" என்றாள். பெரியவர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

எழுத்தர் துண்டில்லாதவரை இறக்கிவிடலாம். ஆனால் அடுத்த ஸ்டேஷனில்தான். அடுத்தது உப்பளம். அதற்குள் மற்றப் பெட்டிகளை முடித்துவிடலாம் என்று நடந்தேன். அங்கேதான் தவறு செய்தேன்.

முதல் பெட்டிக்கு வந்து, துறை கொடுத்த கைக்குட்டையை என் இருக்கையில் போட்டு உட்கார்ந்தபோது டிரைவர் ஞானப்பிரகாசம் அண்ணனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"பயணிகள் கவனத்துக்கு. உரிக்க ஆரம்பிச்சிருச்சு. அவங்கவங்க துண்டு மேல உட்காருங்க. எழுந்திருக்காதீங்க."

புதுத் துணியைக் கிழிப்பதுபோல் முன்னால் சத்தம் கேட்டது. ஒரு பெட்டி உரிய இரண்டு நிமிடம். உரிப்பு எப்போதும் தலையிலிருந்து வாலுக்குப் போகும். ஆறாம் பெட்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இரண்டாம் பெட்டியில் வழியெல்லாம் டிபன் கூடைகள். தாண்டிப் போனேன். மூன்றாம் பெட்டியில் ஒருவரிடம், "சார், இன்னொரு துண்டு இருக்குமா?" என்று கேட்டேன்.

"இருக்கறதே ஒண்ணு. அதுவும் நடுவுல ஓட்டை. நானே எந்தப் பக்கம் தங்குவேனோன்னு உட்கார்ந்திருக்கேன். போப்பா."

நாலாம் பெட்டிக் கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. தோளால் இடித்தேன். பின்னால் கிழியும் சத்தம் மூன்றாம் பெட்டிக்கு வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பற்றி இழுத்துவிட்டாள், இருக்கையைவிட்டு எழாமலே. ஐந்தாம் பெட்டியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளும்.

ஆறாம் பெட்டிக்குள் போனபோது அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் இடம் முன்னாடிதானே? எதுக்கு வந்தே?"

"எழுந்திரு."

அவள் அரை அடி எழுந்ததும் கைக்குட்டையை அவளுக்குக் கீழே தள்ளி, தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். பக்கத்தில் பதினைந்தாம் இருக்கை காலி. அதில் நான் உட்கார்ந்தேன்.

"உன் கர்சீப்பா இது?"

"ஆபீஸ் கர்சீப்."

"உனக்கு?"

பெட்டியின் முன்சுவர் விரியத் தொடங்கியது. முதல் வரிசை இருக்கைகள் மெதுவாகப் புது வெளிச்சத்துக்குள் போயின.

அக்கா கைக்குட்டையை உருவ முயன்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சித்தப்பா பக்கத்துலயே என்னையும் நிறுத்துவாங்க. ஞாயித்துக்கிழமை நீயும் வருவே" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அக்கா அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, என்னை ஒரு தள்ளு தள்ளி, பதினைந்தாம் இருக்கையில் விரித்தாள்.

"உட்காருடா."

"உடுத்தியிருக்கிற துணி செல்லுமான்னு விதியில இல்லக்கா."

"செல்லாதுன்னு இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? உட்காரு."

உட்கார்ந்தேன். பத்தாம் இருக்கை போனது. பதினொன்று. பன்னிரண்டாவதில் துண்டில்லாத ஒரு பை மட்டும் இருந்தது. அது பின்னால் தங்கியது. பதின்மூன்றில் இருந்த பெரியவர் எங்களுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அக்கா என் மணிக்கட்டை இறுக்கியிருந்தாள். அவள் நகம் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது. பிறகு கிழியும் சத்தம் எங்கள் தலைக்கு மேலே வந்தது, நின்றது, கொஞ்சம் யோசித்தது, எங்களுக்குப் பின்னால் போயிற்று.

உப்பளத்தில் ஏழாம் மாடல் நுழைந்தது. கண்ணாடி வழியாக மறுபக்கம் தெரிந்தது. பதினாலும் பதினைந்தும் ஒரே இருக்கையாகச் சேர்ந்திருந்தன. அதன் உறை அக்காவின் புடவை. அரக்குக் கரை வரை அதேதான். இருக்கை எங்கே முடிகிறது, முந்தானை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடினேன். அப்படி ஓர் இடம் இல்லை.

"நேரமாச்சு, இறங்கணும்" என்றாள் அக்கா. இறங்கினாள். புடவை அவள் பின்னால் தேவையான அளவுக்கு நீண்டது. பிளாட்பாரம், நகரும் படி, சாலை, ஆஸ்பத்திரி வரை போயிற்று. சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் திரும்பும்வரை ரயில் கதவைத் திறந்தபடி நின்றது. மறுநாள் துறை புதுக் கால அட்டவணை ஒட்டியது. அக்காவின் ஷிஃப்ட் நேரம்தான். நான் பதிவேட்டில், "ஏழாம் மாடல்: உடுத்திய துணி செல்லும்" என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கொட்டகைக்கு வந்தாள். மடித்து வைத்த துண்டும் கையில் இருந்தது. நாலாம் மாடலின் ஜன்னலைத் தட்டினாள். சித்தப்பா திரும்பிப் பார்த்தார்.

"எங்கடி ஓடினே? துண்டைக் கொடு."

ஜன்னல் இடுக்கு வழியாகத் துண்டைக் கொடுத்தாள். அதன் மேல், பின்னால் நீண்டு கிடந்த புடவையில் ஒரு மடிப்பை எடுத்துப் போட்டாள். சித்தப்பா இரண்டையும் இருக்கையில் விரித்து, நீவிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன் வருதா?" என்று கேட்டார்.

"வருது சித்தப்பா."

நாலாம் மாடலின் கண்ணாடிகள் வெளுக்க ஆரம்பித்தன. நான் தேதியைக் குறித்துக்கொண்டு, முதல் பெட்டியிலிருந்து துண்டு எண்ணத் தொடங்கினேன்.